பால் மாப்பிள்ளை

எங்கள் சந்தின் கடைசியில் இருந்த வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு என்றே ஒரு காய்ச்சல் உண்டு. ஜி.ஐ. பைப் என்று ஒரு குழாய் வரும். துருப்பிடிக்காமல் இருக்க மேலே துத்தநாகம் பூசியிருப்பார்கள். பார்க்க வெள்ளி மாதிரி மினுங்கும். அதைப் பற்ற வைத்தால் அந்தப் பூச்சு எரிந்து, பஞ்சு பிய்ந்து பறப்பதுபோல வெள்ளைப் புகை கிளம்பும். பகல் முழுக்க அந்தப் புகையை இழுத்தவனுக்குச் சாயங்காலம் வாயில் ஓர் அசட்டு இனிப்பு தட்டும். தண்ணீர் குடித்தால் தகரத்தை நக்கியது மாதிரி இருக்கும். அப்புறம் நெஞ்சு இறுகும், உடம்பு அனலாகக் கொதிக்கும், போர்வைக்குள் பல் தந்தியடிக்கும். விடிந்து எழுந்தால் ஒன்றும் இருக்காது.

இதற்கு அந்தப் பட்டறையில் ஒரே வைத்தியம்தான். பித்தளைச் சொம்பு நிறையச் சுடச்சுடப் பால். அன்று அவனை யாரும் வேலை ஏவ மாட்டார்கள். போர்த்திக்கொண்டு, பால் குடித்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருப்பதால் அவனுக்குப் 'பால் மாப்பிள்ளை' என்று பெயர். "பொண்ணு எந்த ஊரு?" என்று ஒருவன் கேட்பான். "அதோ, மூலையில சாத்தி வச்சிருக்கே" என்று இன்னொருவன் பைப்பைக் காட்டுவான். சந்து முழுக்கச் சிரிக்கும். நாங்களும்தான் சிரித்தோம்.

பட்டறைக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். தொழிலுக்கு வந்த புதிதில் அவருக்கு இந்தக் காய்ச்சல் வந்தபோது பயந்துபோய் ஒரு டாக்டரிடம் ஓடியிருக்கிறார். அந்த டாக்டர் கொசுக்கடியா என்று கேட்டார், ரத்தம் எடுத்தார், பாட்டில் ஏற்றிப் படுக்க வைத்தார். ரிசல்ட் வருவதற்குள் காய்ச்சல் போய்விட்டது. கையிலிருந்த ஊசியைத் தானே பிடுங்கிவிட்டு வெளியே வந்ததாக மாஸ்டர் சொல்வார். "இது நம்ம காய்ச்சல். டாக்டருக்குத் தெரியாது" என்று அதற்கப்புறம் எத்தனை முறை சொல்லியிருப்பாரோ. பட்டயம் வாங்கி மாட்டியதுபோல அந்த வாக்கியத்தை வைத்திருந்தார். ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டோம் என்பது மனிதனை எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

பட்டறைக்கு மேலே வீடு. மேலே போக, பக்கச் சுவரை ஒட்டி ஓர் இரும்புச் சுழல்படி. மாஸ்டரே செய்தது. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஓர் ஆள் ஏறினால் எதிரே பூனைகூட இறங்க முடியாதபடி செய்து வைத்திருந்தார். தலைக்கு மேல் தகரக் கூரை. மழை பெய்தால் அந்தப் படி முழுக்க ஓசைதான். வீட்டில் மாஸ்டர், அவர் மனைவி, அவர் தம்பி. தம்பிக்குக் கிரைண்டர் என்று பெயர். பட்டறையில் இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் அந்த மெஷினைப் பிடிப்பவன் அவன்தான், பேச்சும் அதே மாதிரி நிற்காமல் ஓடும்.

மாஸ்டரின் மனைவியைச் சந்தில் பிரைமர் அக்கா என்போம். செய்து முடித்த இரும்புக்குத் துருப்பிடிக்காமல் இருக்க முதல் பூச்சாக ரெட் ஆக்சைடு அடிப்பது அவள் வேலை. தடித்த உடம்பு, வேகமான கை. விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் எப்போதும் அந்தச் செங்கல் சிவப்பு ஒட்டியிருக்கும். தின்னர் போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. அந்தக் கையோடுதான் ரொட்டி சுடுவாள், அந்தக் கையோடுதான் கல்யாண வீட்டுக்கும் வருவாள். கோபக்காரி. ஆனால் அவள் கோபம் பெரும்பாலும் சாமான்களோடு முடிந்துவிடும். பிரஷ்ஷை டப்பாவில் குத்துவாள், மூடியைச் சுத்தியலால் அடிப்பாள்.

அது மழைக்காலம். ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் கொட்டகை போடும் வேலை வந்திருந்தது. முழுக்க ஜி.ஐ. பைப். வெளியே சாரல் அடிப்பதால் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு உள்ளேயே பற்ற வைத்தார்கள். வெள்ளைப் புகை போக வழியில்லாமல் கூரையை முட்டித் திரும்பும். தெருவிலிருந்து பார்த்தால் அந்தப் பாதி ஷட்டருக்கு அடியில் நீல வெளிச்சம் விட்டுவிட்டுத் துடித்து, உள்ளே ஏதோ ஒரு சின்ன மேகம் மின்னிக்கொண்டிருப்பது மாதிரி அழகாகத்தான் இருக்கும். அந்த வாரம் முழுக்கச் சாயங்காலமானால் அண்ணனோ தம்பியோ யாராவது ஒருவர் மாப்பிள்ளை.

அந்த வாரத்தில்தான் மாஸ்டர் இடது கையை உதறிக்கொண்டே இருந்தார். ஏன் என்று அவள் கேட்டதற்கு, பைப்பைத் தூக்கிப் பிடித்துப் பிடித்து நரம்பு இழுத்துவிட்டது என்றார். தாடை வலிக்கிறது என்று ரொட்டியை நனைத்துத் தின்றார். அது ஹெல்மெட்டால். தலையை ஆட்டித்தான் அந்த ஹெல்மெட்டை முகத்துக்கு இறக்குவார்கள். நாள் முழுக்க ஆட்டினால் வலிக்காதா? படி ஏறும்போது பாதியில் நின்றார். அது புகையால். வேர்த்தது. அது வேலையால். அவர் உடம்பு என்னென்ன சொன்னதோ அதற்கெல்லாம் தொழிலில் ஒரு பதில் தயாராக இருந்தது.

"ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வந்தா என்ன?" என்று அவள் ஒரு நாள் கேட்டிருக்கிறாள்.

"என்னன்னு காட்டறது? வெல்டருக்குக் கை வலிக்குதுன்னு சொன்னா டாக்டர் சிரிப்பான். தையக்காரனுக்கு கழுத்து வலிக்கும், டிரைவருக்கு முதுகு வலிக்கும். எல்லாரும் போய் வரிசையில நின்னா டாக்டருக்குக் கை வலிக்கும்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது என்று பிறகு என் அம்மாவிடம் சொன்னாள்.

அன்று காலையிலிருந்தே அடைமழை. பைப் லாரி வரவில்லை. கிரைண்டர் போல்ட்டு முறுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். மாஸ்டர் சும்மா இருக்க மாட்டாமல், ஒரு வீட்டுக்குத் தர வேண்டிய ஜன்னல் கிரில் வேலையை எடுத்தார். சாதாரண கறுப்பு இரும்பு. ஒவ்வொரு சட்டமாக அவர் ஒட்டித் தள்ள, அவள் பின்கட்டில் உட்கார்ந்து ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தாள். ஈரக் காற்றில் பூச்சு காயவே இல்லை. அந்த எரிச்சல் அவளுக்கு.

மதியத்துக்குப் பிறகு நீல வெளிச்சம் நின்றுவிட்டது. மாஸ்டர் வெல்டிங் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, அவ்வளவுதானா?" என்றாள்.

"ஜி.ஐ. வேலையைக் காட்டுது" என்றார். "கொஞ்சம் படுக்கறேன்."

அவர் படியேறும் சத்தம் கேட்டது. நடுவில் நின்றது. நெடுநேரம் கழித்து மறுபடி கேட்டது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு சட்டத்தில் பூச்சு வழிந்துகொண்டிருந்தது, அதைப் பிரஷ்ஷால் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கிரைண்டர் தொப்பலாக நனைந்து வந்தான். மேலே போய் அண்ணனைப் பார்த்தவன் அங்கிருந்தே கத்தினான். இன்றைக்கும் அண்ணனுக்குத்தான் கல்யாணமாம், தனக்குக் கொடுத்து வைக்கவில்லையாம், அண்ணி வந்து ஆசீர்வாதம் பண்ண வேண்டுமாம். அடுப்பைப் பற்ற வைத்துப் பாலைக் காய்ச்சி, சொம்பில் ஊற்றி, அண்ணனைத் தூக்கி உட்கார வைத்துக் குடிக்கக் கொடுத்தான். நல்ல பையன். அண்ணன் மேல் உயிர். அன்று அவன் செய்தது எல்லாம் தப்பு, எல்லாமே அன்பால் செய்தது.

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே படியேறினாள். அறைக்குள் நுழைந்ததும் அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று உடனே பிடிபடவில்லை. போர்வை கட்டிலின் கால்மாட்டில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. பால் மாப்பிள்ளை போர்த்தாமல் இருக்க மாட்டான்.

மாஸ்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பலாக இருந்தது. வெளியே நனைந்து வந்தவன் தம்பி. ஆனால் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது அண்ணனுக்கு. உள்ளங்கையெல்லாம் பெயிண்ட் என்பதால் அவள் புறங்கையை அவர் நெற்றியில் வைத்தாள். கொதிக்கவில்லை. ராத்திரி மழையில் கிடந்த இரும்பைத் தொட்ட மாதிரி ஜில்லென்று, ஈரமாக இருந்தது.

"நடுங்குதா?"

"இல்ல."

"நெஞ்சு?"

"எப்பவும் இருக்கற இறுக்கம்தான். இன்னைக்குக் கொஞ்சம் கூட." ஒரு கையை மார்பின் நடுவில் விரித்து வைத்தார். "யாரோ ஏறி உட்கார்ந்திருக்கற மாதிரி."

"அது வாயு அண்ணி" என்றான் கிரைண்டர். மதியம் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார், வெறும் வயிற்றில் புகை இறங்கினால் அப்படித்தான் அடைக்கும், மெடிக்கலில் ஒரு மாத்திரை கேட்டால் தருவார்கள், தனக்கே போன மாதம் வந்தது என்று சொல்லிக்கொண்டே போனான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் குனிந்து குடித்த பாலைத் தரையில் கக்கினார்.

துடைக்கத் துணி எடுக்கக் குனிந்தவள் தன் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டு வரை சிவப்பு. அவள் அப்படியே நின்றாள்.

"இன்னைக்கு என்ன பத்த வச்சீங்க?"

"ஜி.ஐ.தான்" என்றார் மாஸ்டர்.

"லாரி வந்துச்சா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதப் பாருங்க." இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஜி.ஐ. மேல ரெட் ஆக்சைடு நிக்காது. தோல் மாதிரி உரிஞ்சு வரும். அதை நான் பூச மாட்டேன். காலையிலிருந்து நான் பூசினது பூரா கறுப்பு இரும்பு. ஜன்னல் கிரில். இன்னைக்கு இந்தப் பட்டறையில வெள்ளைப் புகையே வரல."

கிரைண்டர் அண்ணனைப் பார்த்தான். அவனுக்கு அது தெரியாது. அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான்.

"நேத்து அடிச்ச புகையா இருக்கும்" என்றார் மாஸ்டர். குரல் தணிந்திருந்தது.

"நேத்துப் புகைக்கு நேத்தே பால் குடிச்சாச்சு."

"ஏன் கத்தற? தெருவே கேக்குது. மழை விடட்டும். காலையில முதல் வேலையா போய்க் காட்டிட்டு வரேன். முதல்ல குளிச்சு ஒரு சட்டை மாத்திக்கறேன், இந்தக் கோலத்துல..."

"உனக்குத் தெரியும்" என்றாள் அவள். அண்ணி அண்ணனை 'நீ' என்று சொல்லி அன்றுதான் கேட்டதாகக் கிரைண்டர் பிறகு சொன்னான். "இது அது இல்லைன்னு உனக்கு மத்தியானமே தெரியும். தெரிஞ்சுகிட்டு என்கிட்ட ஜி.ஐ.ன்னு சொன்னே. இவன்கிட்ட பால் வாங்கிக் குடிச்சே. கை வலிச்சுது, தாடை வலிச்சுது, படியில நின்னே. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை. குளிச்சிட்டு வரியா? எதுக்கு, நாங்க குளிப்பாட்டற வேலை மிச்சம்னா?"

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு, "கூப்பிடு" என்றார்.

அவள் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். போனின் கண்ணாடி முழுக்கச் சிவப்பு ரேகை. மறுமுனையில் ஒரு பெண் குரல், அவசரமே இல்லாதது மாதிரி, ஆனால் ஒரு வார்த்தைகூட வீணாக்காமல் பேசியது. வயது என்ன, வலி எங்கே, கைக்கோ தாடைக்கோ போகிறதா, வேர்க்கிறதா, வாந்தி உண்டா, நினைவு இருக்கிறதா. வயதையும் இடத்தையும் சொல்லிவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் அவள் ஆமாம் ஆமாம் என்று சொல்லச் சொல்ல, அந்தக் கேள்விகளை யாரோ இந்த வீட்டில் ஒரு வாரமாக ஒளிந்திருந்து எழுதின மாதிரி இருந்தது. வண்டி கிளம்பிவிட்டது என்றது குரல். அவரை நடக்க விடக் கூடாது. சாய்ந்து உட்கார்ந்த வாக்கிலேயே இருக்கட்டும். சட்டைப் பித்தானைக் கழற்றி விடுங்கள். சாப்பிட, குடிக்க எதுவும் வேண்டாம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமல் போனது உண்டா, வயிற்றுப்புண், ரத்த வாந்தி உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா? இல்லையென்றால் வீட்டிலோ பக்கத்துக் கடையிலோ ஆஸ்பிரின் கிடைத்தால் ஒன்றை மென்று தின்னச் சொல்லுங்கள், அப்படியே முழுசாக முழுங்க வேண்டாம். மூச்சு நின்றாலோ நினைவு தப்பினாலோ உடனே சொல்லுங்கள், லைனிலேயே இருங்கள்.

"வண்டி எதுக்கு அண்ணி, என் பைக்ல நடுவுல உட்கார வச்சுப் பின்னால நீங்க பிடிச்சுக்கிட்டா நானே முக்கு கிளினிக்குக்குக் கொண்டு போயிடறேன்" என்றான் கிரைண்டர். அவன் குரல் அழுகையாக மாறிக்கொண்டிருந்தது.

"முக்கு கிளினிக்ல என்ன இருக்கு? ஒரு டார்ச் லைட்டும் ஒரு கம்பவுண்டரும். வழியில உங்கண்ணன் சரிஞ்சா பைக்கை ஓட்டுவியா, அவரைப் பிடிப்பியா? ஓடிப்போய் ஆஸ்பிரின் வாங்கிட்டு வா. வாயு மாத்திரையோட வந்தே, உன்னைப் படியிலேர்ந்து உருட்டி விட்டுடுவேன்."

அவன் ஓடினான். அவன் ஓடியதைப் பார்த்துத்தான் நாங்களெல்லாம் வெளியே வந்தோம்.

கிரைண்டர் வாங்கி வந்த ஆஸ்பிரினை மாஸ்டர் மென்று முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் சந்துக்குள் ரிவர்ஸில் நகர்ந்து வந்தது. இறங்கியவர்கள் இரண்டு பேர். ஓட்டி வந்த ஒல்லியான ஆள் ஒருவர், பெட்டியோடு நர்ஸ் ஒருத்தி. படியைப் பார்த்ததும் அந்த ஆள் உச்சுக்கொட்டினார். நர்ஸ் மேலே போய் மாஸ்டரின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, மெஷினிலிருந்து வந்த தாளைப் பார்த்தாள். சுற்றி வளைக்கவில்லை. "ஹார்ட் அட்டாக்தான். இப்ப நடந்துகிட்டு இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன், நேரா உள்ளே எடுப்பாங்க" என்றாள்.

தான் நடந்தே இறங்குவதாக மாஸ்டர் சொன்னார். தானே செய்த படி, கண்ணைக் கட்டிவிட்டாலும் இறங்குவாராம். ஒரு படிகூடக் கூடாது, இதயத்துக்கு இப்போது ஒவ்வொரு படியும் ஒரு மலை என்றாள் நர்ஸ். மடக்கு நாற்காலியில் அவரை வைத்துக் கட்டினார்கள். அறையைத் தாண்டிப் படியின் உச்சிவரை வந்தது நாற்காலி. முதல் வளைவில் சிக்கிக்கொண்டது. எப்படித் திருப்பினாலும் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி. தூக்கிக் கம்பிக்கு மேலே கொண்டுபோகத் தகரக் கூரை விடவில்லை.

இடத்தை மிச்சம் பிடித்தவர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிரைண்டரை எடுடா" என்றாள் அவள்.

அவன் புரியாமல் விழித்தான்.

"கைப்பிடியை அறு. என்ன பார்த்துக்கிட்டே நிக்கற? உங்கண்ணன் செஞ்சதை அறுக்க நல்ல நேரம் பார்க்கணுமா?"

பட்டறையிலிருந்து ஒயரை இழுத்து நாங்கள் கை மாற்றி மேலே கொடுத்தோம். நர்ஸ் தான் கொண்டு வந்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை மூடி அறைக்குள்ளே தள்ளி வைத்தாள். பொறி பறக்கும், ஆக்சிஜன் பக்கத்தில் ஆகாது என்றாள். ஈரத் துணி ஒன்றை மாஸ்டரின் மேல் போர்த்தினார்கள். ஒரு வாரமாகப் பகலிலும் ராத்திரியிலும் கேட்டுச் சலித்த அந்தச் சத்தம் எழுந்தது. அன்று அதை யாரும் சலித்துக்கொள்ளவில்லை. படியிலிருந்து பொறி அருவியாகக் கொட்டியது. மழையில் பட்டு அணைந்து, மறுபடி கொட்டியது.

துணிக்குள்ளிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. "ஒட்டுல வைக்காதேடா. கம்பியில வை. என் ஒட்டு அவ்வளவு சுலபத்துல அறுபடாது."

"வாயை மூடு" என்றாள் அவள். அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் அது அழுகை மாதிரியே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கம்பியைத் தானே கடித்து அறுக்கிறவள் மாதிரி நின்றாள்.

வளைவுத் துண்டு கழன்று கீழே விழுந்து மணி அடித்தது மாதிரி அதிர்ந்தது. நாற்காலி திரும்பியது. கீழே இறங்கியது.

ஆஸ்பத்திரியில் அடைத்த ரத்தக் குழாயைத் திறந்துவிட்டார்கள். உயிர் தங்கியது. இதயத்தின் இடது பக்கத்தில் ஒரு பகுதி சதை செத்துப் போய்விட்டது, அது இனி துடிக்காது என்று டாக்டர் சொன்னார். நரைக்கத் தொடங்கிய தலை, தூங்காத கண். வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். சாயங்காலம் என்றான் தம்பி. மத்தியானம் என்றாள் மனைவி. கட்டிலில் இருந்தவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, "போன வாரம். கையில" என்றார்.

அப்போதே வந்திருந்தால் இப்படி ஓட வேண்டியிருந்திருக்காது என்றார் டாக்டர். மாடிப்படி ஏறும்போது இறுக்கி, நின்றால் விட்டுப் போகிற வலி சும்மா போகிற வலி இல்லை, மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவது. மத்தியானம் வந்திருந்தாலும்கூட இந்தச் சதையில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

ஏன் வரவில்லை என்பதைக் கிரைண்டர் விளக்கினான். ஜி.ஐ. புகை, காய்ச்சல், பால் எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில், "அது எங்க தொழில் காய்ச்சல் சார், டாக்டருங்களுக்குத் தெரியாது" என்றும் சொல்லிவிட்டான்.

"ஏன் தெரியாது?" என்றார் டாக்டர். "துத்தநாகப் புகைக் காய்ச்சல். நாங்க படிக்கற புத்தகத்திலேயே இருக்கு. உங்க அண்ணன் பார்த்த டாக்டருக்குத் தெரியாம இருந்திருக்கு, அவ்வளவுதான். கொதிக்கும், நடுங்கும். ஜில்லுனு வேர்க்காது. அதுக்கும் பால் மருந்து கிடையாது, அதுபாட்டுக்குப் போயிடும். புகையை இழுக்காம இருக்கறதுதான் மருந்து. முகமூடி போடறீங்களா? ஷட்டரைத் திறந்து வைக்கறீங்களா?"

கிரைண்டர் வாயடைத்து நின்றதை நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான். அவள் சிரிக்கவில்லை. புத்தகத்திலேயே இருக்கிறதாம், என்று மட்டும் என் அம்மாவிடம் சொன்னாள். இத்தனை வருஷம் பாலைக் காய்ச்சிக் காய்ச்சி ஊற்றினோமே, எவனாவது ஒருத்தன் போய் இன்னொரு டாக்டரைக் கேட்டானா? ஒரு டாக்டருக்குத் தெரியவில்லை என்பதற்காக எல்லோரையும் தள்ளி வைத்தார், பெரிய துரை.

மாஸ்டர் வீடு திரும்பியபோது பட்டறை மாறியிருந்தது. ஷட்டர் மழையானாலும் முழுக்க மேலே. பின்சுவரில் ஓட்டை போட்டுப் புகையை இழுக்க ஒரு மின்விசிறி. ஜி.ஐ. பைப்பைப் பற்ற வைக்கும் முன் ஒட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், முகமூடி போட வேண்டும். எல்லாம் அவள் உத்தரவு. சம்மதம் யாரிடமும் கேட்கவில்லை. பீடி புகைத்துக்கொண்டே வருகிற பக்கத்துப் பட்டறைக்காரர்களை வாசலிலேயே நிறுத்தினாள். மாஸ்டரைப் பார்க்க வந்த ஒருவர் தனக்கும் கை இப்படித்தான் வலிக்கிறது என்று சொன்னபோது, அவர் டீயை முடிக்கக்கூட விடாமல் ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிட்டாள்.

அறுத்த கைப்பிடியைப் பற்றித்தான் வீட்டில் கொஞ்ச நாள் சண்டை. படி பல்லுப்போன வாய் மாதிரி இருக்கிறது, ஒட்டிவிடலாம் என்றார் மாஸ்டர். ஒட்டுங்கள், அடுத்த தடவையும் உங்கள் தம்பி அறுக்கட்டும் என்றாள் அவள். கனமானது எதையும் தூக்கக் கூடாது என்பதால் மாஸ்டர் கீழே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அங்கே உட்கார்ந்தபடி தம்பியை ஏவி, அந்த வளைவுத் துண்டைக் கீல் வைத்து மாட்டினார். ஒரு பக்கம் கீல், ஒரு பக்கம் தாழ்ப்பாள். தாழை இழுத்தால் கைப்பிடி கதவு மாதிரி வெளிப்பக்கமாகத் திறக்கும். அவள் அதற்கு ரெட் ஆக்சைடு அடித்தாள்.

மழை முடிகிற சமயம், கொட்டகை வேலையின் கடைசிப் பைப்புகள் வந்தன. அன்று சாயங்காலம் கிரைண்டர் மேலே போய்ப் படுத்துவிட்டான். அவள் போனபோது போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். பல் தந்தியடித்தது.

"அண்ணி, பால்" என்றான்.

"சொம்பு கீழே இருக்கு. போய்ப் பாரு, என்ன இருக்குன்னு."

அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே அந்தப் பித்தளைச் சொம்பில் தின்னர் ஊற்றி, அவள் பிரஷ்களை ஊறப் போட்டுவிட்டாள். சொம்பின் உட்புறம் கழுத்துவரை சிவப்பு.

அவள் புறங்கையை அவன் நெற்றியில் வைத்தாள். அனல். காய்ந்த அனல்.

"முகமூடி?"

"மூக்கு அரிச்சுது. கடைசி நாலு ஒட்டுக்கு மட்டும் கழட்டினேன்."

"எழுந்திரு. ஆட்டோ கூப்பிட்டிருக்கேன்."

"அண்ணி, இது நம்ம காய்ச்சல் அண்ணி. நிஜமாவே. லாரி வந்துச்சு, ஜி.ஐ. வந்துச்சு. நீங்களே கண்ணால பார்த்தீங்க."

"பார்த்தேன்."

"வேர்க்கல. கை வலிக்கல. நடுங்குது பாருங்க, எவ்வளவு அழகா நடுங்குது."

"நெஞ்சு இறுகுதா?"

"அது... கொஞ்சம். அது எப்பவும் இருக்கறதுதானே."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அந்த வார்த்தை காதில் விழுந்தது. போர்வையை மெல்ல விலக்கினான்.

"இது அதுதான்னு நீ சொல்லாதே" என்றாள் அவள். "நானும் சொல்லல. அவங்க சொல்லட்டும். சொன்னப்புறம் வந்து படுத்துக்கோ, விடிய விடிய நடுங்கு. யார் வேண்டாம்னா?"

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது கீழே இரும்பு உரசும் சத்தம் கேட்டது. அவள் படியின் உச்சிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து, நின்று நின்று வளைவுவரை ஏறி வந்திருந்த மாஸ்டர், தாழ்ப்பாளை இழுத்துக் கைப்பிடியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவன் நடந்துதான் வரான். அதை எதுக்குத் திறக்கறீங்க?" என்று கத்தினாள்.

"திறந்தே இருக்கட்டும்" என்றார் அவர்.